எட்ட நின்று எடுத்த படங்கள்

கேமரா ஒன்று கைக்கு வந்துவிட்டால் மனிதனுக்கு முதலில் தோன்றுகிற ஆசை, கிட்டே போக வேண்டும் என்பதுதான். பூவென்றால் இதழுக்குக் கிட்டே, நாயென்றால் மூக்குக்குக் கிட்டே, குழந்தையென்றால் கன்னத்துக்குக் கிட்டே! எனக்கும் அந்த ஆசை முற்றியிருந்தது. தாய்மாமன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த கேமராவையும், 300 மி.மீ. வரை நீளும் ஒரு லென்ஸையும் தோளில் மாட்டிக்கொண்டு, மூன்று ஆண்டுகளாக வராக நதிக்கரையிலும், மாந்தோப்புகளிலும், கும்பக்கரை செல்லும் சாலையிலும் திரிந்திருக்கிறேன். எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். பிறர்க்குக் காட்டத்தக்கவை ஐம்பது தேறினால் அதிகம். கல்லூரி மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் கேட்டபோது, அந்த ஐம்பதைப் பற்றி எழுதுவதைவிட, மற்றவை ஏன் கெட்டன என்பதை எழுதினால் கேமராவோ கைப்பேசியோ வைத்திருக்கும் நண்பர்களுக்குப் பயன்படுமே என்று எண்ணினேன்.

நாயிலிருந்து தொடங்குகிறேன். புகைப்படக்காரனுக்குத் தெருநாயே முதல் ஆசான் எனில் மிகையன்று. அனுமதிச் சீட்டு வேண்டாம்; கட்டணம் வேண்டாம்; அதிகாலையில் தேநீர்க் கடை திறக்கும்போதே அது தயாராக இருக்கும். நம் மாவட்டத்துக்கு நாய் விஷயத்தில் தனிப் பெருமையும் உண்டு. உத்தமபாளையத்தை அடுத்த கோம்பையின் பெயரையே தாங்கிய நாயினம் நம்முடையது. செம்பழுப்பு உடலும், கரி பூசினாற்போன்ற முகவாயும், காவலுக்கே பிறந்த குணமும் கொண்டது. மலைக்கு அந்தப் பக்கம் ராஜபாளையம். அங்கே வெள்ளை நாய், இளஞ்சிவப்பு மூக்கு. 2005 ஜனவரி 9 அன்று அஞ்சல் துறை இந்திய நாயினங்கள் நான்குக்குத் தபால்தலை வெளியிட்டது. ராஜபாளையம் அந்த நான்கில் ஒன்று. கோம்பை இல்லை! தியடோர் பாஸ்கரன் அவர்கள் இந்திய நாய்களைப் பற்றி 2017இல் ஆங்கிலத்தில் எழுதிய நூலைப் புரட்டினால், நம் நாட்டு நாயினங்களைப் பற்றி நமக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பது விளங்கும்.

இந்த இரண்டு நாய்களையும் அடுத்தடுத்து நிறுத்திப் படம் எடுத்தால் கேமராவின் பெரிய அறியாமை ஒன்று வெளிப்படும். கேமராவுக்குள் இருக்கும் ஒளி அளக்கும் கருவிக்கு எதிரே நிற்பது வெள்ளையா கறுப்பா என்பது தெரியாது. தன்முன் இருப்பவை யாவும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே அது கணக்கிட்டுக்கொள்கிறது. விழும் ஒளியில் ஏறக்குறைய 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அது. ஆகவே வெள்ளை நாய் சட்டத்தை நிறைத்து நின்றால், ‘அடடா, வெளிச்சம் மிகுந்துவிட்டது’ என்று எண்ணி ஒளியைக் குறைக்கும். நாய் அழுக்கு வேட்டியின் நிறத்தில் வரும். கறுப்பு நாயென்றால் ஒளியைக் கூட்டும். நாய் வெளுத்துச் சாம்பலாகும். இதற்கு மருந்து, நாமே குறுக்கிடுவதுதான். வெள்ளை நாய்க்கு ஒரு படி கூடுதல் ஒளி. கறுப்பு நாய்க்கு ஒரு படி குறைவு. ஒரு படி என்பது இருமடங்கு அல்லது பாதி. கைப்பேசியிலும் திரையைத் தொட்டு விரலை மேலும் கீழும் நகர்த்தி இதைச் செய்யலாம். பலரும் செய்வதில்லை.

வேகம் அடுத்தது. நடக்கும் நாய்க்கு ஒரு நொடியில் 250இல் ஒரு பங்கு போதும். ஓடும் நாய்க்கு 1000இல் ஒரு பங்காவது வேண்டும்; இல்லையேல் கால்கள் நான்கும் பஞ்சு மிட்டாய் ஆகிவிடும். குவியம் கண்ணில் விழ வேண்டும். இப்போது வரும் கேமராக்கள் நாயின் கண்ணைத் தாமே தேடிப் பிடித்துக்கொள்கின்றன. என்னுடையது அவ்வளவு படித்ததன்று. உயரமும் முக்கியம். நின்றவாறு எடுத்தால் நாய்க்குத் தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் வரும், பின்னால் தெரிவது வெறும் தார்ச்சாலை. மண்டியிட்டு அதன் கண் மட்டத்துக்கு இறங்கினால் நாயின் உலகம் தெரியும். பேண்ட் அழுக்காகும். ஆகட்டும்.

நிற்க. இவையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் உள்ளவை. புத்தகம் படிக்காமல் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. வடகரையில் ஒரு தேநீர்க் கடை வாசலில் செவலை நாய் ஒன்று படுத்திருக்கும். நான் லென்ஸை அதன் பக்கம் திருப்பிக்கொண்டு நேராக நடந்தால் எழுந்து போய்விடும். பத்து நாள் முயன்றும் அதன் வால்தான் எனக்குக் கிடைத்தது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே, “தம்பி, கண்ண உருட்டிக்கிட்டு நேரா வந்தா அது என்னான்னு நெனைக்கும்? பேசாம பெஞ்சில ஒக்காருங்க” என்றார். உட்கார்ந்தேன். அப்போதுதான் உறைத்தது. நாய்க்குலத்தில் உற்றுப் பார்ப்பது சண்டைக்கு அழைப்பதற்குச் சமம். லென்ஸோ இமைக்காத பெரிய ஒற்றைக் கண். அதை நீட்டிக்கொண்டு ஒருவன் நேர்கோட்டில் நடந்து வந்தால் எந்த நாய்தான் அமைதியாகப் படுத்திருக்கும்? தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவதும், காரணமின்றி உதட்டை நக்குவதும், முகத்தை ஒருபுறம் திருப்பிக்கொள்வதும் அதன் சங்கடத்தின் அடையாளங்கள். நான் அவற்றை ‘அழகான பாவனை’ என்று எண்ணிப் படம் எடுத்துத் தள்ளியிருந்தேன்.

சுவிட்சர்லாந்து நாட்டு விலங்கியல் அறிஞர் ஹைனி ஹெடிகர் இதற்கு ஒரு பெயர் வைத்தார். ஒவ்வொரு விலங்கும் ஓர் எல்லை வரை நம்மைப் பொறுத்துக்கொள்ளும். அந்த எல்லையைத் தாண்டினால் ஓடும். அந்தத் தூரத்தை ‘தப்பியோடும் தூரம்’ என்று தமிழில் சொல்லலாம். பழகிய நாய்க்கு அது சுழி. தெருநாய்க்குச் சில அடி. காட்டுமாட்டுக்கு இன்னும் பல மடங்கு. ஓடும் வழி அடைபட்டுவிட்டால் அதே விலங்கு நம்மேல் பாயும் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். இந்தத் தூரத்தை அளந்து வைத்திருப்பது விலங்குதான், நாம் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்த நான்காம் நாள் அந்தச் செவலை நாய் என்னை மறந்து, கால்களை நீட்டி, கடைக்காரரின் பேரன் போட்ட ரொட்டித் துண்டைக் கவ்வ எழும்பியது. அந்த ஒரு படம் என் ஐம்பதில் இருக்கிறது.

குழந்தைகளுக்கு வருவோம். நம் ஊரில் கேமராவோடு தெருவில் இறங்கினால் குழந்தைகளைத் தேட வேண்டியதில்லை. “அண்ணே, எங்களையும் ஒரு போட்டோ எடுங்கண்ணே!” என்று அவர்களே சூழ்ந்துகொள்வார்கள். அத்தனை பேரும் வரிசையாக நின்று, கைகளை விறைப்பாகத் தொங்கவிட்டு, மூச்சை அடக்கிக்கொள்வார்கள். அதைத் தடுக்கக் கூடாது. முதல் பத்துப் படங்களை அந்த வரிசைக்கே கொடுத்துவிட வேண்டும். எடுத்ததைக் காட்டவும் வேண்டும். கால் மணி நேரத்தில் அலுத்துப்போய்ப் பம்பரத்துக்கும் கிட்டிப்புள்ளுக்கும் திரும்புவார்கள். உண்மையான படங்கள் அதற்குப் பிறகுதான். இங்கும் பெஞ்சில் உட்காரும் அதே வித்தைதான்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெரியகுளத்துக்கு மேற்கே மலை நிற்பதால் மாலை வெயில் மற்ற ஊர்களைவிடச் சீக்கிரம் மலைக்குப் பின்னே போய்விடும். ஆனால் அதன்பின் வெகுநேரம் வானம் வெளிச்சமாக இருக்கும். நிழல் விழாத அந்த மெல்லிய ஒளியில் குழந்தைகளின் முகம் மாசின்றி வரும். உச்சி வெயிலில் எடுத்தால் கண்குழிகள் இரண்டும் இருண்ட கிணறுகள். நண்பகலில் எடுத்தே தீர வேண்டுமென்றால் புளியமரத்து நிழலுக்கு அழைத்துப் போகலாம். ஆனால் முகத்துக்குப் பின்னால் வெள்ளை வானம் தெரியக் கூடாது. தெரிந்தால் கேமரா வானத்துக்குக் கணக்குப் போட்டு முகத்தைக் கறுப்பாக்கிவிடும்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வண்ணப் பிலிம் காலத்தில் கோடக் நிறுவனம் தன் படம் அச்சிடும் நிலையங்களுக்கு ஓர் அட்டை அனுப்பிவந்தது. அதில் வெள்ளைத் தோல் பெண் ஒருத்தியின் படம் இருக்கும். ‘ஷெர்லி அட்டை’ என்று பெயர். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. கறுத்த, மாநிறத் தோல்களின் நுணுக்கம் அந்தப் பிலிமில் சரியாகப் பதியவில்லை. நம் பாட்டிமாரின் கல்யாணப் படங்களில் முகம் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு ஸ்டுடியோக்காரரின் கைவண்ணம் மட்டும் காரணமன்று. கறுப்பு நிறத்தவரின் குறையைவிட, தங்கள் சாக்லேட்டும் மர நாற்காலியும் விளம்பரப் படத்தில் சரியாக வரவில்லை என்ற வியாபாரிகளின் முறையீட்டுக்குத்தான் செவிசாய்ப்பு விரைவில் கிடைத்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆகையால், நண்பர்களே, கைப்பேசி தானாகவே முகத்தை வெளுப்பாக்கிக் காட்டினால் அந்த வசதியை அணைத்துவிடுங்கள். நம் குழந்தைகளின் நிறம் அழகானது.

தென்கரையில் ஒருநாள், வீட்டுத் திண்ணையில் உறங்கிக்கொண்டிருந்த சிறுமியை எடுத்துக்கொண்டிருந்தேன். நல்ல ஒளி, நல்ல கோணம். உள்ளிருந்து ஒரு பாட்டி வெளியே வந்தார். “என்னப்பா, எம் பேத்தியப் படம் எடுக்குறியே, வீட்டுல ஒரு வார்த்த கேட்டியா?” கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்கு வாய் எழவில்லை. நாயின் கொட்டாவியைக் கவனிக்கக் கற்றவன், வீட்டு வாசலில் ஒரு வார்த்தை கேட்கக் கற்கவில்லை. படத்தை அவர் எதிரிலேயே அழித்தேன். மறுவாரம் அவரே பேத்திக்குத் தலை சீவி, பூ வைத்து, “இப்ப எடு” என்றார். அச்சிட்டு ஒரு படியை அவரிடம் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், முதலில் எடுத்ததே சிறந்த படம். ஆனாலும் திண்ணையில் மாட்டியிருப்பது இரண்டாவதுதான். அன்றுமுதல் பெற்றோரைக் கேட்காமல் எந்தக் குழந்தையையும் எடுப்பதில்லை. எடுத்ததையும் பொதுவில் போடுவதில்லை. உறங்கும் குழந்தைக்குத் தப்பியோடும் தூரம் ஏது?

இனி காட்டுயிர். இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன் என்று நினைக்கிறேன்.

சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு, மாந்தோப்பு ஒன்றின் வேலியோரப் புதரில் கொண்டைக்குருவியின் கூடு ஒன்றைக் கண்டேன். வாலடியில் சிவப்புத் திட்டு உள்ள, ஊரெங்கும் காணும் சாதாரணக் குருவிதான். இடுப்பளவு உயரத்தில் கிண்ணம்போல் கூடு. உள்ளே கண் திறக்காத இரண்டு குஞ்சுகள். தாயும் தந்தையும் மாறி மாறிப் புழுக் கொண்டுவந்து ஊட்டின. எனக்கோ கூட்டை மறைத்த இலைக்கொத்து இடைஞ்சலாக இருந்தது. ஒடித்தால் பாவம் என்று எண்ணி, புத்திசாலித்தனமாக அதை ஒரு நூலால் பின்னுக்கு இழுத்துக் கட்டினேன். வெளிச்சம் கூட்டுக்குள் விழுந்தது. தாய்க்குருவி அருகே வந்து, கத்தி, திரும்பிப் போய், மீண்டும் வந்தது. அந்தக் கத்தல் எதற்கென்று இன்றைக்குத் தெரியும். ஒன்றரை மணி நேரம் கழித்து, வாய் பிளந்த இரண்டு குஞ்சுகளும், புழுவோடு குனிந்த தாயும் ஒரே சட்டத்தில் கிடைத்தன. மகிழ்ச்சியில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன். நூலை அவிழ்க்க மறந்துபோனேன்.

மறுநாள் மாலை போனபோது கூடு ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. குஞ்சுகள் இல்லை. காகமா, செம்போத்தா, நான் பார்க்கவில்லை. இலைக்கொத்து மட்டும் நூலில் அப்படியே நின்றது. புதருக்குள் ஒரு கூடு இருப்பதை வருவோர் போவோர்க்கெல்லாம் திறந்து காட்டிவிட்டுப் போயிருந்தேன். 

அந்தப் படம் எங்கள் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒரு மாதம் இருந்தது. பார்த்தவர்கள் பாராட்டினார்கள். ‘இயற்கையின் தாய்மை’ என்று யாரோ கீழே எழுதியும் வைத்தார்கள். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பாராட்டைப் பெற்றுக்கொண்டேன். இந்தக் கட்டுரையில்தான் முதன்முறையாகச் சொல்கிறேன்.

பின்னர் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாடத்துக்காகப் படிக்க நேர்ந்தது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் அது. அதில் ‘வேட்டையாடுதல்’ என்னும் சொல்லுக்கு விளக்கம் கொடுக்கும் இடத்தில், கொல்வதையும் பிடிப்பதையும் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதையும் சேர்த்திருக்கிறார்கள். துப்பாக்கியைக் கையால் தொட்டிராத நான், சட்டத்தின் சொற்படி அன்று மாந்தோப்பில் செய்தது என்ன என்பது அந்த வரியில் இருந்தது.

அந்தச் சமயத்தில் ஆசிரியர் ஒருவர் படிக்கக் கொடுத்த நூல்தான் மா. கிருஷ்ணனை எனக்கு அறிமுகப்படுத்தியது. அவருடைய படங்களும் கட்டுரைகளும் அடங்கிய பெரிய ஆங்கிலத் தொகுப்பு, 2006இல் வெளிவந்தது. கிருஷ்ணன் 1912இல் பிறந்தவர். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. 1950 முதல் 1996இல் மறையும் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். தமிழிலும் எழுதினார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கடைசிவரை கறுப்பு வெள்ளையில்தான் படம் எடுத்தார். ஒரு கேமராவின் உடலையும் இன்னொன்றின் லென்ஸையும் பொருத்தித் தாமே உருவாக்கிய ஒரு கனத்த கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார்.

அவருடைய படங்களை முதலில் புரட்டியபோது எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. யானை சட்டத்தை நிறைக்கவில்லை! மரமும் புல்லும் நிழலும் பாதியை எடுத்துக்கொண்டன. இரண்டாம் முறை பார்த்தபோதுதான் விலங்கு எங்கே நிற்கிறது, எதைத் தின்கிறது, யாரோடு நிற்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியது. முக்கியமாக, அது புகைப்படக்காரரைப் பார்க்கவில்லை. தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கிட்டப்போய் எடுத்த என் படங்களில் எல்லா உயிர்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. கிருஷ்ணனின் படங்கள் விலங்கியல் சான்றுகளாக நிற்பதற்கு இதுவே காரணம். தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றி அவர் செய்த ஆய்வை மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் 1975இல் நூலாக வெளியிட்டது.

அவருக்கு முன்னும் சிலர் உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜ் ஷைராஸ் இரவில் எடுத்த விலங்குப் படங்களை ‘நேஷனல் ஜியாகிரபிக்’ 1906இல் வெளியிட்டது. இந்தியாவில் வனத்துறை அதிகாரியாக இருந்த எப். டபிள்யூ. சாம்பியன், காட்டுப் பாதையில் கம்பி கட்டி, புலியே தன் காலால் இடறித் தன்னைப் படம் எடுத்துக்கொள்ளும்படி செய்தார். அவர் நூல் 1927இல் வந்தது. இன்று புலிகளை வரிகளைக் கொண்டு எண்ணும் தானியங்கிக் கேமராக்களுக்கு அதுவே முன்னோடி. படம் எடுப்பவன் அந்த இடத்தில் இல்லாமலே இருப்பது! இடைவெளிக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

நம்மைச் சுற்றியுள்ள காடுகள் எளியவை அல்ல. கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகம் 2021இல் உருவாயிற்று. சரணாலயத்துக்குள் நுழைந்து படம் எடுக்க முறையான அனுமதி வேண்டும். கும்பக்கரையில் யானை நடமாட்டம் தெரிந்தால் வனத்துறை அருவிக்குச் செல்வதையே தடுத்துவிடும். அருவியின் பாறைக் குழிகளுக்கு யானை கெஜம், பாம்பு கெஜம், குதிரை கெஜம் என்று முன்னோர் பெயரிட்டிருக்கிறார்கள். குதிரையைப் பற்றித் தெரியாது, யானை இன்றும் வருகிறது. தடுக்கும்போது, “ஒரே ஒரு படம்தான் சார்” என்று கெஞ்சும் கூட்டத்தில் நம் கல்லூரி மாணவர்களையும் கண்டிருக்கிறேன். கொடைக்கானல் சாலையோரம் மேயும் காட்டுமாட்டுக்கு முதுகைக் காட்டி நின்று கைப்பேசியில் தம்மைத் தாமே எடுத்துக்கொள்பவர்களைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஆயிரம் கிலோவரை எட்டக்கூடிய ஒரு காளை தலையைத் தாழ்த்துவதை அவர்கள் திரையில்தான் பார்ப்பார்கள்.

இப்போது நான் கடைப்பிடிப்பது இதுதான். பறவை என்னைக் கண்டு ஊட்டுவதை நிறுத்தினாலோ, மேயும் விலங்கு தலையைத் தூக்கினாலோ, அதுவே எனக்கு மணி அடித்த மாதிரி, பின்னுக்குப் போகிறேன். கூடு இருக்கும் பக்கம் குஞ்சு பறக்கும்வரை போவதில்லை. இலையைத் தொடுவதில்லை. இதனால் பல படங்கள் கிடைக்காமல் போயின. அதில் எனக்கு வருத்தம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். 

போன மார்கழியில், கும்பக்கரையிலிருந்து அடுக்கம் ஏறும் சாலையில், பள்ளத்து மரமொன்றில் மலையணிலைக் கண்டேன். நீண்ட வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு, காயைக் கைகளில் பிடித்துக் கொறித்துக்கொண்டிருந்தது. சாலையோரத்துச் சிறு மதில்மேல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கேமராவை மூன்றே முறை தூக்கினேன். அது காயைத் தின்று முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, கிளைவழியே மேலே போயிற்று.

படத்தை விடுதியில் நண்பனிடம் காட்டினேன். பெரிய மரம், ஓடும் மேகம், பின்னால் மலைச்சரிவு. வெகுநேரம் பார்த்துவிட்டு, “எல்லாம் சரிதான்டா, அணில் எங்கே?” என்றான். வலப்பக்கம், மேலிருந்து இரண்டாவது கிளையைக் காட்டினேன்.